ஆறடி ரெண்டங்குலமும் "உன் ஒடம்புக்கு புல்லட்தான்" கோஷ்டியும்

ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. எழுதிக் கொட்டலேன்னா தூக்கம் வராது போலருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு மக்கா, டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். எங்க அக்கா பையனுக்கு பதினெட்டு முடிஞ்சு எல்எல்ஆர் வாங்கியாச்சு. ஆள் ஆறடி மூணங்குலம், 98 கிலோ. (எங்க வம்சமே அப்படி. கல்யாண மண்டபத்துல எங்க வரிசைக்கு இலை போட்டா ரெண்டு பேர் எடத்துல ஒருத்தர்தான் உக்கார முடியும்.) இதுவரைக்கும் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டினதில்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான்.

"மாமா, வண்டி புக் பண்ணியாச்சு. அப்பா, சித்தப்பா, தாத்தா எல்லாரும் புல்லட்தான்னுட்டாங்க. என் ஒடம்புக்கு அதான் எடுப்பா இருக்குமாம். அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"சூப்பர்டா"ன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பார்த்திருப்பான். நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே மெதுவா சொன்னான். "எனக்கு பயமா இருக்கு மாமா. ஷோரூம்ல அதை ஸ்டாண்டுலேர்ந்து எடுத்து நிமித்தறதுக்குள்ளயே கை நடுங்கிடுச்சு. சொன்னா சிரிப்பாங்க. இவ்ளோ பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டுன்னு..."

அந்த "இவ்ளோ பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டு" இருக்கே, அது என்னை எங்கயோ கொண்டுபோய் விட்டுடுச்சு. அதான் இந்தப் பதிவு. (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுதுங்க மாமா, அம்மா படிப்பாங்க"ன்னான். வெவரமான பய.)

மொதல்ல அந்த "எடுப்பா இருக்கும்"ங்கற வார்த்தையை எடுத்துக்குவோம். எடுப்பா இருக்கும்னா யாருக்கு? ரோட்டோரமா நின்னு பாக்கறவனுக்கு. சீட்டுல உக்காந்திருக்கறவனுக்குத் தன்னோட எடுப்பு எங்கேர்ந்து தெரியும்? அவனுக்குத் தெரியறதெல்லாம் கிளட்ச், பிரேக்கு, எதிர்ல வர்ற தண்ணி லாரி. வண்டி ஓட்டத் தெரியாத ஒருத்தன் முதல் வண்டியை, அது அவன் இடுப்புக்குக் கீழ எப்படி இருக்கும்னு பாத்து வாங்கணுமா, இல்ல போட்டோவுல எப்படி விழும்னு பாத்து வாங்கணுமா? நம்ம ஊர்ல பெருத்த ஆளுக்கு வண்டி வாங்கறதும் மாப்பிள்ளைக்கு கோட்டு தைக்கறதும் ஒரே வேலைன்னு நெனச்சிட்டிருக்காங்க.

சரி, உணர்ச்சிவசப்படாம கணக்குக்கு வருவோம்.

புல்லட் 350 இப்போ வர்றது (2023ல புது எஞ்சினோட வந்தது) பெட்ரோல் ஆயில் எல்லாம் சேத்து 195 கிலோ. சீட் உயரம் 805 மில்லிமீட்டர். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. சீட் உயரம் 785 மில்லிமீட்டர். திரும்பப் படிச்சுப் பாருங்க. உயரத்துல வித்தியாசம் 20 மில்லிமீட்டர். ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர்! எடையில வித்தியாசம் 83 கிலோ!

"உயரமான பையன், அவனுக்கு உயரமான வண்டி வேணும்"னு சொல்ற பெரியவங்க, ரெண்டு சென்டிமீட்டர் உயரத்துக்காக, ஒரு முழு ஆளோட எடையைப் பையன் தலையில கட்டறாங்க. நல்ல ஹவாய் செருப்பு போட்டாலே அந்த ரெண்டு சென்டிமீட்டர் வந்துடும்யா :-)

"இருக்கட்டுமே, அவன்தான் 98 கிலோ இருக்கானே, தாங்குவான்"ங்கறது அடுத்த டயலாக். இதைக் கேட்டாத்தான் எனக்கு நிஜமாவே ரத்தக் கொதிப்பு வருது. அய்யா சாமிகளா, எடைங்கறது வேற, பலம்ங்கறது வேற. நான் 112 கிலோ. (ஆமா, ஸ்ப்ளெண்டரும் நானும் ஒரே எடை. சிரிச்சு முடிச்சிட்டு வாங்க.) இந்த 112 கிலோவும் ஜிம்முல ஏத்தினது இல்ல, பரோட்டாவுல ஏத்தினது. இதை ஏற்கனவே என் ரெண்டு முட்டியும் ரெண்டு கணுக்காலும் ராப்பகலா சுமந்துட்டிருக்கு. வண்டி சாயும்போது ஒத்தக் காலைத்தான் ஊனுறோம். ஒல்லியான ஆளா இருந்தா அந்தக் கால்ல அவனோட 60 கிலோவும் வண்டி பாரமும் வரும். எனக்கு என்னோட 112ம் வண்டி பாரமும் வரும். பெரிய ஒடம்புக்குப் பெரிய வண்டின்னு குடுக்கறது, ஏற்கனவே மூட்டை தூக்கிட்டிருக்கறவன் தலையில இன்னொரு மூட்டையை வைக்கற மாதிரி. பெருத்த ஆளுக்குத்தான்யா லேசான வண்டி வேணும்!

வண்டி நேரா நிக்கறப்ப பாரம் தெரியாது, எடை முழுக்க டயர் வழியா ரோட்டுல எறங்கிடும். சாயச் சாயத்தான் நம்ம கைக்கும் காலுக்கும் வரும். பத்தாங்கிளாஸ் சைன் கணக்குதான். 10 டிகிரி சாய்ஞ்சா கவிழ்க்கற வேகம் ஆறுல ஒரு பங்கு, 30 டிகிரி சாய்ஞ்சா பாதி. நடுவுல ஒரு எடத்துல "இனி புடிக்க முடியாது"ன்னு ஒரு கோடு இருக்கு. 112 கிலோ வண்டியில அந்தக் கோடு தள்ளி இருக்கும், தப்பு பண்ணினாலும் சமாளிக்க ஒரு விநாடி கெடைக்கும். 195 கிலோவுல அந்த விநாடி கெடைக்காது. பழகறவனுக்கு வேண்டியதே அந்த ஒரு விநாடிதான்.

இதெல்லாம் புத்தகத்துல படிச்சு சொல்லலீங்க. எனக்கு எப்படித் தெரியும்னு சொல்றேன்.

2011. எனக்கு முப்பத்தொண்ணு வயசு. அதுவரைக்கும் பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, நண்பர்கள் வண்டியில பின் சீட்டு. (என்னை ஏத்திக்கிட்டா பின் டயர் காத்து பாக்கணும்னு எல்லாரும் ஒரே ஜோக்கை வேற வேற வருஷத்துல சொன்னாங்க.) வண்டி வாங்கலாம்னு கெளம்பினப்ப, இதே கோஷ்டி. மாமா ஒருத்தர், "உன் ஒடம்புக்கு சின்ன வண்டியில போனா சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கும்டா மாப்ள"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஷோரூம் பையன், "சார் பர்சனாலிட்டிக்கு இதான் சார்"னு 350 சிசி ஒண்ணைக் காட்டினான். என்ன வண்டி, என்ன கடைன்னு பேரெல்லாம் வேண்டாம். வண்டி மேல தப்பே இல்ல. அது நல்ல வண்டி. நான்தான் அதுக்கான ஆள் இல்ல, அன்னிக்கு.

ரெண்டாவது வாரம். மடிப்பாக்கத்துல ஒரு தெருமுனை. கார்ப்பரேஷன் தோண்டி மூடின மண்ணு அப்படியே கெடக்கு. நடந்து போற வேகத்துலதான் திரும்பினேன். குறுக்க ஒரு நாய். ஹேண்டில்பார் முழுசா திரும்பியிருக்கறப்ப முன் பிரேக்கைப் புடிச்சேன். பழகினவங்களுக்கு அடுத்து என்ன ஆகும்னு தெரியும். வண்டி வலது பக்கம் சாஞ்சுது. காலை ஊனினேன். தாங்கிடலாம்னு நெனச்சேன் பாருங்க, அதான் தப்பு. விட்டுட்டு விலகியிருக்கணும். "இவ்ளோ பெரிய ஆளு, தாங்க மாட்டானா"ன்னு ஊரே சொன்னதை நானும் நம்பிட்டேன். கணுக்கால் வண்டிக்கு அடியில. ஆடுசதை சைலன்சர் மேல.

தூக்கறதுக்கு மூணு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர், நல்ல மனுஷன்தான், தண்ணியெல்லாம் குடுத்தார், கூடவே கேட்டார்: "இவ்ளோ பெரிய ஆளா இருக்கீங்க, ஒரு வண்டியைப் புடிக்க முடியலியா?"

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆடுசதையில இன்னமும் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இருக்கு. அதெல்லாம் ஆறிடுச்சு. அந்தக் கேள்விதான் ஆறல. வண்டியை நஷ்டத்துக்கு வித்தேன். அடுத்த ஆறு வருஷம் எந்த வண்டியையும் தொடல. என்னால முடியாது, என் ஒடம்பு வண்டி ஓட்டற ஒடம்பு இல்லன்னு முடிவே பண்ணிட்டேன். தப்பான வண்டியைக் குடுத்தாங்கன்னு ஒரு நாள்கூட தோணல பாருங்க! ஒடம்பு மேலதான் பழியைப் போட்டேன். குண்டா இருக்கறவங்களுக்கு இது ஒரு வியாதி. சட்டை கிழிஞ்சாலும் நம்ம தப்பு, நாற்காலி உடைஞ்சாலும் நம்ம தப்பு.

2017ல எங்க தெரு பஞ்சர் கடைக்காரர்தான் இந்த வியாதிக்கு மருந்து குடுத்தார். அவரோட பழைய நூறு சிசி வண்டியைக் காட்டி, "சும்மா உக்காருங்க சார்"னார். "ஒடைஞ்சிடும்ணே"ன்னேன். நிஜமாவே பயந்துதான் சொன்னேன். மனுஷன் சிரிச்சுட்டு, "இதுல தினம் நானும் என் மச்சானும் ரெண்டு சிலிண்டரோட போறோம். நீங்க என்ன அதைவிடவா?"ன்னார்.

கணக்கு போட்டுப் பாத்தேன். ரெண்டு ஆளு, ஆளுக்கு 65 கிலோன்னா 130. நான் தனியாப் போனா 112. நம்ம ஊர்ல விக்கற கிட்டத்தட்ட எல்லா வண்டியும் ரெண்டு பேருக்காகத்தான் செஞ்சிருக்கு. நான் தனியா உக்காந்தா அது சராசரியான டபுள்ஸைவிடக் கொறச்சல்! முப்பத்தேழு வயசு வரைக்கும் இந்தக் கூட்டல் கணக்கை எனக்கு ஒருத்தனும் சொல்லல, நானும் போடல.

மூணு வாரம், காலங்காத்தால ஸ்கூல் கிரவுண்டுல பழகினேன். நாலு தடவை கீழ போட்டேன். நாலு தடவையும் நானே தூக்கி நிறுத்தினேன், தனியா. யாரும் ஓடி வரல, யாரும் எதுவும் கேக்கல. அந்த சுகம் இருக்கே... வண்டி கீழ விழறதுல தப்பில்லீங்க, பழகறவன் போடத்தான் செய்வான். திரும்ப அவனே தூக்கற மாதிரி இருக்கணும். அதான் என்னோட ஒரே அளவுகோல்.

இப்ப எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். வழக்கமா வர்ற அஞ்சும் இதுதான்.

1. "சின்ன வண்டி இழுக்காது."

கத்திப்பாரா மேம்பாலத்துல கொஞ்சம் முனகும், ஒத்துக்கறேன். ஒரு கியர் கொறச்சுப் போடணும். ஸ்ப்ளெண்டர்ல 97.2 சிசி, சுமார் 8 குதிரை. ஆனா பழகறவன் எங்க போகப் போறான்? கிரவுண்டு, தெரு, ஆர்டிஓ ஆபீஸ். எட்டு போடறதுக்கு எத்தன குதிரை வேணும்?

நிஜமான கொறை இழுவையில இல்ல, பிரேக்குல. சின்ன கம்யூட்டர் வண்டிகள்ல நெறைய முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக்தான். 60 கிலோ ஆளைவிட 112 கிலோ ஆளை நிறுத்த அதுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் வேணும். அதனாலதான் சொல்றேன், நூறு சிசியில பழகுங்க, சொந்தமா வாங்கறப்ப முன் டிஸ்க் பிரேக் இருக்கற 125 லேர்ந்து 160க்குள்ள பாருங்க. 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல இருக்கற புது வண்டியில ஏபிஎஸ் கட்டாயம். அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி மாதிரி ஒண்ணு, சீட் உயரம் 800, எடை 150க்குள்ள. புல்லட்டோட உயரம்தான் அதுவும், அஞ்சு மில்லிமீட்டர் கம்மி, அவ்ளோதான்.

2. "முட்டி ஹேண்டில்பார்ல இடிக்கும்."

இது ஒண்ணுதான் நியாயமான வாதம். உயரமான ஆளுக்கு சின்ன வண்டியில, முழுசா ஹேண்டிலைத் திருப்பறப்ப முட்டி இடிக்கும். ஆனா இதுக்கு சீட் உயரம் மட்டும் காரணம் இல்ல. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவுல எவ்ளோ எடம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல எவ்ளோ எடம், இது ரெண்டும்தான் முக்கியம். இதை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க. உக்காந்துதான் பாக்கணும்.

கம்யூட்டர் வண்டியில ஒரு வசதி, சீட்டு நீளமா ஒரே பலகை மாதிரி இருக்கும். பின்னாடி ஒரு சாண் தள்ளி உக்காந்துக்கலாம், முட்டி வெளிய வந்துடும். ஓட்டறவனுக்குத் தனியா குழிச்சு வெச்ச சீட்டுல அது முடியாது, அவங்க உக்காரவெச்ச எடத்துலதான் உக்காரணும். இன்னொண்ணு, என்னோட செருப்பு சைஸ் 12. கியர் லீவருக்கு அடியில ஷூ நொழையாது. ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன்னாடி அமுக்கறதுதான், கொறைக்கணும்னா குதிகாலால பின்னாடி அமுக்கணும். விரலை அடியில விட்டுத் தூக்கற வேலையே இல்ல. பெரிய பாதக்காரங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்!

3. "பெரிய வண்டிதான் ரோட்டுல நின்னு போகும்."

நின்னு போகும். ஜிஎஸ்டி ரோட்டுல 80ல போறப்ப. பழகறவன் விழறது 80லயா? யூ டர்ன்ல, பெட்ரோல் பங்க் வாசல்ல, வீட்டு கேட்டுல ஏத்தறப்ப, சிக்னல்ல கால் ஊனற எடத்துல எண்ணெய் சிந்தியிருக்கறப்ப. எல்லாமே பத்து கிலோமீட்டருக்கும் கொறைஞ்ச வேகம். அந்த வேகத்துல எடைங்கறது எதிரி.

4. "ஒரே வருஷத்துல மாத்தணும், காசு தண்டம்."

புதுசா வாங்கச் சொல்லலியே. பழைய நூறு சிசி வண்டி எல்லா மெக்கானிக் கடை வாசல்லயும் நிக்குது. பழகிட்டு, கிட்டத்தட்ட வாங்கின வெலைக்கே தள்ளிடலாம். பெட்ரோல் டேங்க் நசுங்குமேன்னு பயந்துட்டே பழகறதைவிட, ஏற்கனவே நசுங்கின வண்டியில பழகறது எவ்ளோ நிம்மதி தெரியுமா. தண்டம்னா என்னன்னு என் கணுக்கால் எக்ஸ்ரேவைக் காட்டி வெளக்கறேன், வாங்க.

5. "சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கும்."

இதான் உண்மையான வாதம். மேல சொன்ன நாலும் இதுக்குப் போட்ட சட்டை. இழுவை, முட்டி, ஸ்டெடி எல்லாம் பேசி முடிச்சதும், கடைசியில வந்து நிக்கறது இங்கதான்: பாக்கறவன் சிரிப்பான்.

சிரிக்கட்டுமே! நாப்பது வருஷமா எதுக்குத்தான் சிரிக்கல? பஸ்ல ரெண்டு சீட்டுன்னு சிரிச்சீங்க, லிஃப்ட்ல ஏறினா எறங்கற மாதிரி நடிச்சீங்க, பின் டயர் காத்துன்னு சிரிச்சீங்க. அதோட இதுவும் சேரட்டும். உங்க சிரிப்புக்குப் பயந்து ஒரு பதினெட்டு வயசுப் பையன், தன்னால தூக்க முடியாத இரும்பைக் காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு தண்ணி லாரிக்குப் பக்கத்துல போகணுமா? ஒல்லியான பையன் "எனக்கு பயமா இருக்கு"ன்னு சொன்னா, "சரிடா, சின்ன வண்டியில பழகு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குண்டுப் பையனுக்குப் பயப்படற உரிமைகூட இல்ல. ஒடம்பு பெருசா இருந்தா தைரியமும் பெருசா இருக்கணும்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு?

இந்த "பெரிய ஆளுக்கு புல்லட்" எங்கேர்ந்து வந்துதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ராணுவத்துக்காக அரசாங்கம் ஆர்டர் குடுத்து, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, நம்ம திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. ராணுவமும் போலீசும் ஓட்டினதைப் பாத்துப் பாத்து, மீசையும் தொப்பையும் புல்லட்டும் ஒரே செட்டுன்னு நம்ம கண்ணுல பதிஞ்சுடுச்சு. அந்த வண்டியை அவங்களுக்குக் குடுத்தது ஒடம்பை அளந்து பாத்து இல்ல. வேலைக்காகக் குடுத்தாங்க, பழக்கிக் குடுத்தாங்க. நாம பழக்கறதை விட்டுட்டு மீசையை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

இன்னொண்ணு, நம்ம சட்டமும் இதுல கை கொடுக்காது. இங்க கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ்தான். இன்னிக்கு நூறு சிசியில எட்டு போட்டுப் பாஸ் பண்ணினா, நாளைக்கே ஆயிரம் சிசி வண்டியை எடுத்துட்டுப் போகலாம், கேக்க ஆளில்ல. இங்கிலாந்துல அப்படி இல்ல. எல் போர்டு மாட்டிட்டுத் தனியா ஓட்டணும்னா 125 சிசி, 11 கிலோவாட்டுக்குள்ளதான். பெரிய வண்டியில பழகணும்னா கூடவே இன்ஸ்ட்ரக்டர் வரணும். ஆறரை அடி வெள்ளைக்காரனுக்கும் அதே சட்டம்தான், "தம்பி பர்சனாலிட்டிக்கு"ன்னு யாரும் விலக்கு குடுக்கறதில்ல. இங்க அந்தப் படிக்கட்டை சட்டம் கட்டல, அதனால வீட்டுல இருக்கறவங்கதான் கட்டணும். வீட்டுல இருக்கறவங்களோ பையனை மொட்டை மாடியிலேர்ந்து எறங்கச் சொல்றாங்க.

சரி, திட்டிட்டே இருந்தா ஆச்சா, உருப்படியா ஏதாச்சும் சொல்லுன்னு கேப்பீங்க. என்னை மாதிரி பெருத்த, ஒசந்த ஆளுங்க முதல் வண்டி பாக்கப் போனா இதைச் செய்ங்க:

- ஸ்டாண்டுலேர்ந்து நீங்களே எடுங்க, நீங்களே பத்தடி பின்னாடி தள்ளுங்க. மூச்சு வாங்கினா அது உங்க முதல் வண்டி இல்ல. என் கணக்குல முதல் வண்டி 150 கிலோவுக்குள்ள இருக்கணும்.

- உக்காந்து ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க. முட்டி இடிச்சா ஒரு சாண் பின்னாடி தள்ளி உக்காந்து திரும்பப் பாருங்க. அப்பவும் இடிச்சா அடுத்த வண்டி.

- தினம் போடற ஷூவோட போங்க. கியரும் பின் பிரேக்கும் பாதத்தைத் தூக்காம எட்டுதான்னு பாருங்க.

- மேனுவல்ல வண்டியோட மொத்த எடை வரம்பு போட்டிருக்கும். அதுலேர்ந்து வண்டி எடையைக் கழிச்சா, எவ்ளோ ஏத்தலாம்னு வரும். உங்க எடை அதுக்குள்ள வரும், பயப்படாதீங்க. ஆனா பின்னாடி ஆளை ஏத்தறப்ப ரெண்டு எடையையும் கூட்டிப் பாருங்க. (எல்எல்ஆர் வெச்சிருக்கறப்ப, சொல்லிக்குடுக்கற லைசென்ஸ்காரரைத் தவிர யாரையும் பின்னாடி ஏத்தக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.)

- பின் ஷாக் அப்சார்பர்ல அஞ்சு படி இருக்கும், தனியாப் போனாலும் கொஞ்சம் இறுக்கி வைங்க. பின் டயர் காத்து, டபுள்ஸுக்கு என்ன போட்டிருக்கோ அதை அடிங்க. ஆமா, அந்தக் காத்து ஜோக்குல அவ்ளோதான் விஷயம். அஞ்சு நிமிஷ வேலை.

பழகி, ஒரு வருஷம் ஓட்டி, அப்புறமும் மனசு கேட்டுச்சுன்னா தாராளமா பெருசுக்குப் போங்க. நெஜமாவே உயரமான ஆளுக்கு ஏத்த வண்டிகள் இருக்கு. எக்ஸ்பல்ஸ் 200 4வி சீட்டு 825 மில்லிமீட்டர், எடை சுமார் 160 கிலோ. ஹிமாலயன் 450ல சீட்டை 825லேர்ந்து 845 வரைக்கும் ஏத்திக்கலாம், ஆனா 196 கிலோ. புல்லட்டும் வாங்குங்க, நான் ஒண்ணும் அதுக்கு விரோதி இல்ல. அந்த டப டப சத்தம் எனக்கும் புடிக்கும். ரெண்டாவது வண்டியா வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

நான் இப்போ ஓட்டறது 125 சிசி, முன்னாடி டிஸ்க். எட்டு வருஷம் ஆச்சு. தாம்பரம் வரைக்கும் தினம் போய்ட்டு வரேன். சிக்னல்ல பக்கத்துல நிக்கற பசங்க சில பேர் பாத்து சிரிப்பாங்க. பச்சை விழுந்ததும் போய்டுவாங்க. நானும் போய்டுவேன்.

அக்கா, இதை நீ படிப்பேன்னு தெரியும். அத்தானுக்கும் படிச்சுக் காட்டு. நான் 2011ல மாவுக்கட்டோட படுத்திருந்தப்ப, ஆறு வாரம் ரசம் சாதம் பெசஞ்சு குடுத்தது நீதான். அப்போ நீ கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கு: "ஏன்டா, ஓட்ட முடியலேன்னா வாய தெறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" நான் சொல்லல. உன் பையன் சொல்லிட்டான். அஞ்சாயிரம் போனா போகட்டும், திருப்பிக் குடுக்கலேன்னா நான் தரேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவனை அதே ஸ்கூல் கிரவுண்டுக்கு அனுப்பு. பஞ்சர் கடை அண்ணன்கிட்ட வண்டி சொல்லி வெச்சுட்டேன். டேங்க் ஏற்கனவே நசுங்கித்தான் இருக்கு.

பி.கு: "இதெல்லாம் ஒரு மேட்டரா, இதுக்கு இவ்ளோ நீள பதிவா"ன்னு கேக்கப் போற அறுபது கிலோ அன்பர்களே, அடுத்த தடவை பஸ்ல உங்க பக்கத்துலதான் உக்காரப் போறேன் :-)